பாலத்தைப் பார்க்கப் போனோம்

பாங்கொக்கில் ஒரு வாரப் பயிற்சிப் பட்டறை முடிந்தபோது எங்கள் கையில் மூன்று நாள் மிச்சம் இருந்தது. நாங்கள் நாலு பேர். இருவர் யாழ்ப்பாணம், ஒருவர் மட்டக்களப்பு, ஒருத்தி மஸ்கெலியா. கடலுக்குப் போவமா, மலைக்குப் போவமா எண்டு இரவிரவாகக் கதைத்துவிட்டு, கடைசியில் காசு குறைவாக முடியும் என்ற ஒரே காரணத்துக்காகக் காஞ்சனபுரிக்கு வான் ஏறினோம். பாங்கொக்கிலிருந்து மேற்கே கிட்டத்தட்ட 130 கிலோமீற்றர். அங்கிருந்து இன்னும் மேலே, பர்மா எல்லைப் பக்கம் போனால் மலைகளுக்கு நடுவில் ஒரு பெரிய ஏரியும் இருக்கிறது, படகில் போகலாம் என்றார்கள். பாலம், ஏரி, படம் எடுக்க நல்ல இடம். அவ்வளவுதான் திட்டம்.

உண்மையைச் சொன்னால் அந்த ஊரைப் பற்றி எங்களுக்கு இரண்டு விஷயம்தான் தெரிந்திருந்தது. ஒன்று, 'குவாய் நதிப் பாலம்' அங்கேதான் இருக்கிறது. மற்றது, அந்தப் பெயரில் வந்த படம் அங்கே எடுக்கப்படவில்லை, எங்கட கித்துல்கலையில் எடுக்கப்பட்டது. டேவிட் லீன் இயக்கி 1957 இல் வந்த படம். களனி ஆற்றுக்கு மேலே மரப்பாலம் ஒன்றைக் கட்டி, அதை ரயிலோடு சேர்த்து வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஹற்றன் பஸ்ஸில் போய்வருகிற எல்லோருக்கும் கித்துல்கலை தெரியும். மஸ்கெலியாத் தோழி சின்ன வயதிலிருந்தே அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவள். "படப் பாலம் நம்ம ஊருல, நெசப் பாலம் இங்க. ரெண்டையும் பாத்த ஆளு நானாத்தான் இருப்பேன்" என்று வானுக்குள் பெருமையடித்துக்கொண்டு வந்தாள்.

காஞ்சனபுரிப் பாலம் இரும்பில் கட்டியது. சனம் அதன் மேல் நடந்து திரிகிறது. ரயில் வந்தால் ஓரத்தில் இருக்கும் சின்ன மேடைகளில் ஒதுங்கி நிற்கிறது. வளைந்த இரும்புச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து யப்பானியர் கொண்டுவந்தவை. நடுவில் வளையாமல் நிற்கும் இரண்டும், போரில் குண்டுவீச்சில் விழுந்தவற்றுக்குப் பதிலாகப் பிறகு போட்டவை. ஆற்றின் பெயர் இன்னொரு கூத்து. பாலம் கட்டிய காலத்தில் அது மே குளோங் என்ற ஆறு. படம் பார்த்த வெள்ளைக்காரர்கள் வந்து 'குவாய் எங்கே?' என்று கேட்கத் தொடங்கியதும், 1960களில் ஆற்றின் அந்தப் பகுதிக்கு 'குவே யாய்' என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். ஒரு கதை போய் ஒரு ஆற்றின் பெயரை மாற்றியிருக்கிறது. அப்படியென்றால் அந்தக் கதை வேறு என்னத்தையெல்லாம் மாற்றியிருக்கும்?

சுருக்கமாக வரலாற்றைச் சொல்லிவிடுகிறோம். 1942 இல் யப்பானியப் படை மலாயா, சிங்கப்பூர், பர்மா எல்லாவற்றையும் பிடித்துவிட்டது. பர்மாவில் நிற்கும் படைக்கும், அங்கிருந்து இந்தியாவை நோக்கிப் போகும் திட்டத்துக்கும் சாமான் அனுப்ப வேண்டும். மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில் அனுப்பினால் நேச நாடுகளின் நீர்மூழ்கிகள் அடிக்கும். ஆகவே தாய்லாந்தின் நொங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியுசயாட் வரை, காட்டுக்கும் மலைக்கும் ஊடாக 415 கிலோமீற்றர் ரயில் பாதை. 1942 நடுப்பகுதியில் தொடங்கி 1943 ஒக்ரோபரில் முடித்தார்கள். மண்வெட்டி, கூடை, சுத்தியல், யானை, மனித உடம்பு. பெரும்பாலும் இவைதான் கருவிகள்.

இதில் வேலை வாங்கப்பட்ட பிரித்தானிய, ஒல்லாந்த, அவுஸ்திரேலிய, அமெரிக்க யுத்தக் கைதிகள் 60,000 பேருக்கு மேல். அவர்களில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். படத்தில் வருவது இவர்களின் கதை. படத்தில் வராதவர்கள் ஆசியத் தொழிலாளர்கள்: பர்மியர், மலாயர், ஜாவானியர், சீனர், தமிழர். மொத்தம் இரண்டு லட்சம் பேரளவில். இறந்தவர்கள் 90,000 பேரளவில் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000 பேரளவில் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் இறப்பர் தோட்டத் தமிழர்கள். ஏறக்குறைய பாதிப்பேர் திரும்பவில்லை என்று மதிப்பிடுகிறார்கள்.

இந்த எண்களை நாங்கள் விடுதியில் இருந்து கைபேசியில் வாசிக்கவில்லை. யுத்தக் கைதிகளின் மயானத்துக்குள் நின்றுதான் வாசித்தோம்.

அந்த மயானம் காஞ்சனபுரி ரயில் நிலையத்துக்குக் கிட்ட, நகரத்தின் நடுவிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 7,000 பேர் அங்கே கிடக்கிறார்கள். புல் ஒரே அளவில் வெட்டப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கல்லுக்கும் பக்கத்தில் ஒரு பூச்செடி. கல்லில் பெயர், படைப்பிரிவு, இறந்த திகதி, வயது. 22, 23, 24. எங்கட வயசுதான். கீழே சில கற்களில் அம்மாவோ மனைவியோ சொல்லி வெட்டுவித்த ஒரு வரி. மனம் கல்லாய் இருந்தாலும் அங்கே நின்றால் கரையும். இதை நாங்கள் குறைத்துச் சொல்ல வரவில்லை. அந்தப் பையன்களும் பட்டினி கிடந்து, வாந்திபேதி வந்து, அடிவாங்கித்தான் செத்தார்கள்.

அந்த மயானத்தில் 300 பேரின் சாம்பலும் இருக்கிறது. தொற்று வந்து செத்தவர்களை முகாமிலேயே எரித்த சாம்பல். எது யாருடையது என்று பிரிக்க முடியாது. ஆனால் அந்த 300 பேரின் பெயர்களும் வாசல் மண்டபத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. சாம்பலுக்கும் பெயர் இருக்கிறது.

மஸ்கெலியாத் தோழி வரிசை வரிசையாக நடந்துகொண்டிருந்தாள். அரை மணித்தியாலம் கழித்து வந்து சொன்னாள்: "ஒரு பேரு கூட தோட்டத்து ஆளு பேரு இல்லையே."

"இது ஆமிக்காரற்ற சவக்காலையெல்லோ. இதுக்குள்ள எப்பிடி இருக்கும்?" என்றான் எங்களில் ஒருவன்.

"அப்ப அவங்கள எங்க போட்டாங்க?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அவர்கள் எப்படிப் போனார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். யப்பானியர் மலாயாவுக்குள் வந்ததும் இறப்பர் ஏற்றுமதி நின்றுபோனது. தோட்டங்களில் வேலை இல்லை, அரிசி இல்லை. தோட்டத்து வெள்ளைத் துரைமார் ஓடிவிட்டார்கள் அல்லது சிறைமுகாமில் இருந்தார்கள். சயாமில் மூன்று மாத வேலை, நல்ல சம்பளம், சாப்பாடு, இருக்க இடம் என்று அறிவித்தல் வந்தது. முதலில் சிலர் விரும்பியும் போனார்கள். மூன்று மாதம் முடிந்து ஒருவரும் திரும்பாததும் மற்றவர்களுக்கு விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு பிடித்துக்கொண்டு போனார்கள். இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூப்பிட்டு, கொட்டகைக் கதவைப் பூட்டி, அப்படியே லொறியில் ஏற்றிய கதைகள் தப்பி வந்தவர்களின் நினைவுகளில் இருக்கின்றன. குடும்பத்தோடு போனவர்களும் உண்டு. பெண்கள், பிள்ளைகள். கூரை போட்ட இரும்புச் சரக்குப் பெட்டிகளில் நாட்கணக்காக வடக்கே பயணம்.

ஆட்கள் மட்டும் மலாயாவிலிருந்து போகவில்லை. மலாயாவின் கிழக்குக் கரை ரயில் பாதையைக் கழற்றி, அந்தத் தண்டவாளத்தையும் இந்தப் பாதைக்குக் கொண்டுபோனார்கள். மலாயா ரயில்வேயில் யாழ்ப்பாணத்தவர்கள் எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்பது எங்கட ஊர்ப் பெரிசுகளுக்குத் தெரியும்.

அங்கேதான் ஒரு சங்கடமான விஷயம் வருகிறது. துரைமார் இல்லாத தோட்டங்களை நடத்தியவர்கள் கிராணிமாரும் கங்காணிமாரும். இத்தனை பேர் வேண்டும் என்று யப்பானியர் கேட்டால், யார் யார் போவது என்று பட்டியல் போட வேண்டியவர்களும் அவர்கள்தான். அந்தக் கிராணிமாரில் கணிசமானவர்கள் மலையாளிகளும் யாழ்ப்பாணத் தமிழர்களும். துப்பாக்கி முனையில் செய்தார்கள் என்று சொல்லலாம், அது பொய்யும் இல்லை. ஆனால் பட்டியலில் யாருடைய பெயர் வந்தது, யாருடைய பெயர் வரவில்லை என்பதில் ஒரு ஒழுங்கு இருந்தது. இதை யாழ்ப்பாணத்திலிருந்து போன நாங்கள் இருவரும் அன்றைக்கு இரவு ஆற்றங்கரையில் கனநேரம் கதைத்தோம். எங்கட ஊர்களில் 'மலாயா' என்றால் கல்வீடு, பென்சன், பெட்டகம். 'மலாயன் பென்சனியர்' என்பது ஒரு அந்தஸ்து. தோழியின் வீட்டில் 'மலாயா' என்றால் வேறு கதை. அதைப் பிறகு சொல்கிறோம்.

பாதையோர முகாம்களில் என்ன நடந்தது? யுத்தக் கைதிகளுக்கு நரகம்தான். ஆனால் அவர்களிடம் அதிகாரிகள் இருந்தார்கள், படை ஒழுங்கு இருந்தது, மருந்தில்லாவிட்டாலும் வைத்தியர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, மலக்குழியை மூடு என்று சொல்ல ஆள் இருந்தது. செத்தவரின் பெயரை ஒளித்து வைத்த கொப்பியில் எழுதிக்கொள்ளவும் ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு இவை ஒன்றும் இல்லை. 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி பரவியபோது அவர்களின் கொட்டில்கள் கொட்டில் கொட்டிலாகக் காலியாயின. அவர்கள் யாருடைய படையும் இல்லை. அவர்களுக்காகக் கணக்குக் கேட்க ஒரு அரசும் இல்லை.

போர் முடிந்தது. நேச நாடுகள் குழுக்களை அனுப்பி, பாதையோரம் முழுக்கத் தோண்டித் தங்கள் பையன்களை எடுத்து, காஞ்சனபுரி, சுங்காய், தன்பியுசயாட் என்ற மூன்று மயானங்களில் அடக்கம் செய்தன. கைதிகள் எழுதி வைத்த கொப்பிகள்தான் அதற்கு வழிகாட்டின. 1946 இல் பாதையின் தாய்லாந்துப் பகுதியைத் தாய்லாந்து அரசுக்கே 12,50,000 பவுண்ஸுக்கு விற்றார்கள். அந்தக் காசு யப்பானியர் பறித்த தண்டவாளம், எஞ்சின் போன்றவற்றை இழந்த நாடுகளுக்கு இழப்பீடாகப் போனது. மலாயாவின் தண்டவாளத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. அதைத் தோளில் சுமந்தவனுக்கு இருக்கவில்லை.

இதையெல்லாம் வாசித்துவிட்டு அடுத்த நாள் விடியவே இரண்டு இடங்களைத் தேடிப் போனோம்.

முதலாவது, பாலத்துக்குக் கிட்டவே இருக்கிற ஒரு நினைவுத் தூண். யப்பானியப் படையே 1944 இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, இந்தப் பாதையில் செத்தவர்களுக்காகக் கட்டியது. பாலத்தில் நிற்கும் சனத்தில் நூறில் ஒருவர்கூட அங்கே வருவதாகத் தெரியவில்லை. மூலைச் சுவர்களில் பல மொழிகளில் கல்வெட்டுகள். அதில் ஒன்று தமிழ்.

வெளிநாட்டில் தமிழ் எழுத்தைக் கண்டால் வருகிற ஒரு சந்தோஷம் உண்டல்லவா? அது முதலில் வந்தது, வந்த வேகத்திலேயே போனது. அந்தப் பாதையில் தமிழில் எழுதப்பட்ட அஞ்சலிக் கல்லை வைத்தவர்கள் கொன்றவர்கள். அதுவும் ஒரு பெயர்கூட இல்லாமல். இத்தனை மொழிக்காரர் செத்தார்கள் என்று தெரிந்துதான் இத்தனை மொழியில் எழுதியிருக்கிறார்கள். ஆகவே 'தெரியாமல் போய்விட்டது' என்று யாரும் சொல்ல முடியாது.

இரண்டாவது இடம் வாட் தாவோன் வராராம் என்ற பௌத்த விகாரை. யுத்தக் கைதிகளின் மயானத்திலிருந்து நடந்தே போகலாம். தொழிலாளர்களின் எலும்புகளை வைத்த ஒரு நினைவிடம் அங்கே முன்பே இருந்தது. 1990 இல் காஞ்சனபுரிக்கு அருகே ஒரு கரும்புத் தோட்டத்தில் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வெளிப்பட்டன. தோழியின் கேள்விக்கு அதுதான் பதில்: அவர்களை ஒரே குழியில் போட்டிருந்தார்கள். அதே விகாரை வளவில் 2023 இல் மலேசியத் தமிழர்கள் முன்னின்று ஒரு கல்லை நட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் 'நடுகல்'.

எங்களுக்கு அந்தச் சொல் புதிதில்லை. சங்க இலக்கியத்தில் ஆநிரை மீட்கப் போய் விழுந்த வீரனுக்கு நட்டது நடுகல் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதற்குப் பிறகு அந்தச் சொல்லுக்கு எங்கட மண்ணில் என்னென்ன பொருள் வந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆனால் வாளும் வில்லும் தொடாத, பால்மரம் சீவுகிற கத்தியை மட்டும் பிடித்த கூலித் தொழிலாளிக்கு நடுகல் என்பதை நாங்கள் அன்றைக்குத்தான் கண்டோம். 1943 இலிருந்து 2023 வரை, 80 வருடம்.

ஏன் இவ்வளவு காலம்? மலேசியாவில் இது பற்றி எழுதாமல் இல்லை. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச்சின்னம்' என்று நாவல்களே வந்திருக்கின்றன. ஆனால் பொது நினைவில் இடம் பிடித்தது வேறொன்று. 1943 இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்தார். மலாயாத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். தோட்டத்துப் பெண்களும் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். அது பெருமையான கதை, பாட்டாகவும் மேடைப் பேச்சாகவும் நிலைத்தது. ஆனால் அந்தப் படையின் தோழமை நாடு யப்பான். அதே வருடத்தில், அதே தோட்டத்து அண்ணன் தம்பிகளைக் காட்டுக்குள் சாகடித்ததும் யப்பான். படையில் சேர்ந்தால் சயாமுக்குப் போகாமல் தப்பலாம் என்றே சேர்ந்தவர்களும் உண்டு. இரண்டு கதையையும் ஒரே மேடையில் சொல்வது கஷ்டம். வீரம் இருக்கிற கதையை நாங்கள் வைத்துக்கொள்கிறோம், வயிற்றோட்டத்தில் செத்தவரின் கதையை விட்டுவிடுகிறோம். இது மலாயாத் தமிழரின் பழக்கம் மட்டுமில்லை.

விகாரையிலிருந்து நேரே ரயில் நிலையம். மரணப் பாதையில் இன்றைக்கும் ரயில் ஓடுகிறது, நாம் தொக் என்ற இடம் வரை. வெளிநாட்டவருக்கு 100 பாட். மரத்தாலான தட்டிகளின் மேல், ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு என்று தாம் கிராசே வளைவில் ரயில் ஊர்ந்து போகும்போது எல்லோரும் யன்னலால் தலையை நீட்டிப் படம் எடுத்தார்கள். நாங்களும் எடுத்தோம். எடுக்காமல் இருந்தோம் என்று சொன்னால் பொய். அவ்வளவு வடிவான இடம்.

நாம் தொக்கில் பாதை முடிகிறது. அங்கிருந்து பஸ். வழியில் யுத்தக் கைதிகள் 'நரகநெருப்புக் கணவாய்' என்று பெயர் வைத்த பாறை வெட்டு வருகிறது. இரவில் தீப்பந்த வெளிச்சத்தில் கையால் பாறை உடைத்த இடம். அவுஸ்திரேலிய அரசு 1998 இல் அங்கே ஒரு நூதனசாலை திறந்தது. நாடு இருந்தால் நூதனசாலையும் வரும் என்று மட்டக்களப்புக்காரன் சொன்னான். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

பஸ் மலை ஏறி ஏறி, பின்னேரம் சங்க்லபுரியில் இறக்கிவிட்டது. ஏரி முன்னால் கிடந்தது.

ஏரி என்றால் அது இயற்கையான ஏரி இல்லை. குவே நோய் ஆற்றை மறித்து 1984 இல் கட்டி முடித்த வஜிராலங்கோன் அணையின் நீர்த்தேக்கம். மலைகளின் இடுக்கெல்லாம் தண்ணீர். அதன் மேல் மொன் இன மக்கள் கட்டிய நீளமான மரப்பாலம், கிட்டத்தட்ட 850 மீற்றர். காலையில் அந்தப் பாலத்தில் பிக்குகள் பிச்சை ஏந்திப் போவதைப் பார்க்கச் சனம் பாங்கொக்கிலிருந்து வருகிறது. அந்த மொன் மக்கள் பர்மாவிலிருந்து தப்பி வந்தவர்கள். உத்தமா என்ற பிக்குவைச் சுற்றி அவர்கள் கட்டிய ஊரும் விகாரையும் பழைய சங்க்லபுரி நகரமும் அணை கட்டியபோது நீருக்குள் போயின. படகுக்காரர்கள் அந்த விகாரைக்குத்தான் கூட்டிப் போகிறார்கள். நாங்கள் போனது மழைக்காலம். மேல் சுவரும் மணிக்கூண்டும் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்றன. கோடையில் வந்தால் உள்ளே நடக்கலாமாம்.

படகில் போகும்போது தோழி சொன்னாள்: "நம்ம மவுசாக்கலை மாதிரியே இருக்கு." பழைய மஸ்கெலியா நகரமும் கோயிலும் பள்ளிவாசலும் மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் போனவை. தண்ணீர் வற்றுகிற வருடங்களில் கோயில் வெளியே தெரியும், சனம் போய்க் கும்பிட்டு வரும். மின்சாரம் எங்கேயோ போனது, ஊர் தண்ணீருக்குள் போனது. அவள் இதைக் கோபமாகச் சொல்லவில்லை. தெரிந்த ஒருவரைக் கண்டதுபோலச் சொன்னாள்.

சங்க்லபுரி ஏரிக்குள் போனது ஊர் மட்டுமில்லை. மரண ரயில் பாதையும் போனது. எல்லைப் பக்கம் ஒரு துண்டைப் பிரித்தானியர் 1946 இலேயே கழற்றுவித்துவிட்டார்கள். பிறகு பராமரிப்பில்லாத பாதையைக் காடு மூடியது, கடைசியில் தண்ணீர் மூடியது. 1943 ஒக்ரோபரில் தாய்லாந்துப் பக்கத் தண்டவாளமும் பர்மாப் பக்கத் தண்டவாளமும் ஒன்றையொன்று சந்தித்த கொன்கொய்ட்டாப் பகுதியும் இந்தத் தண்ணீருக்கு அடியில்தான். 1943 மழைக்காலத்தில் வாந்திபேதி மிக மோசமாக அடித்ததும் இந்த மேல்பகுதி முகாம்களில்தான். கைதிகளைப் போருக்குப் பிறகு தோண்டி எடுத்துவிட்டார்கள். மற்றவர்களை எடுக்க யாரும் வரவில்லை. எடுக்கப்படாதவர்களின் மேல்தான் இந்த ஏரி நிற்கிறது. நாங்கள் அதன் மேல் படகில் போய்க்கொண்டிருந்தோம்.

அன்றைக்கு இரவு தோழி வீட்டுக்கு வட்ஸ்அப்பில் அழைப்பு எடுத்தாள். அவளுடைய தாத்தாவுக்கு ஒரு சித்தப்பா இருந்தார். ஒரே ஊரிலிருந்து ஒரு கங்காணி தாத்தாவின் அப்பாவை மண்டபம் முகாம் வழியாக இலங்கைக்குக் கொண்டுவந்தான். இன்னொரு கங்காணி சித்தப்பாவை நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் பினாங்குக்குக் கொண்டுபோனான். ஒருவர் தேயிலை, ஒருவர் இறப்பர். அண்ணன் தம்பி எங்கே போவது என்பதை யார் முதலில் முற்பணம் கொடுத்தார் என்பது தீர்மானித்தது. மலாயாவிலிருந்து அப்பப்போ கடிதம் வரும், யாரையாவது பிடித்து வாசித்துக் கேட்பார்களாம். யப்பான்காரன் வந்த பிறகு வரவில்லை. போர் முடிந்தும் வரவில்லை. வீட்டில் அவரை 'மலாயா சித்தப்பா' என்றே சொல்வார்கள். பெயர் அவளுக்குத் தெரியாது.

"தாத்தா, அவரு பேரு என்னா?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. இத்தன வருஷத்துல இதைக் கேட்ட முதல் ஆள் நீதான் என்று சொல்லிவிட்டு, தாத்தா பெயரைச் சொன்னார். அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார். ஊர்ப் பெயரையும் சொன்னார். அவள் கொப்பியில் எழுதினாள்.

அந்தப் பெயரை நாங்கள் இங்கே போடவில்லை. அவர் சயாமுக்குப் போனார் என்பதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. தோட்டத்திலேயே காய்ச்சலில் செத்திருக்கலாம். உயிரோடு இருந்து, வேறொரு குடும்பம் ஆகி, கடிதம் எழுதாமல் விட்டிருக்கலாம். ஒருவரை நாங்களாகவே ஒரு பட்டியலில் சேர்ப்பது சரியில்லை. பட்டியல் போட்டவர்களால்தான் இந்தக் கதையே தொடங்கியது.

ஆனால் தேட ஒரு இடம்கூட இல்லை என்பதுதான் இந்தப் பயணத்தில் எங்களுக்கு உறைத்தது. ஒரு அவுஸ்திரேலியப் பிள்ளை தன் பூட்டனின் பெயரைத் தட்டினால் மயானம், வரிசை, கல் இலக்கம் வரை வரும். எங்கட ஊர் மலாயன் பென்சனியருக்கும் எங்கேயோ ஒரு கோப்பு இருந்தது, அதனால்தான் பென்சன் வந்தது. தோழியின் மலாயா சித்தப்பாவுக்கு ஒரு தாத்தாவின் ஞாபகம் மட்டும்தான். அந்தத் தாத்தாவுக்கு 88 வயது.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்றைக் கேட்கிறோம். மலையகமோ யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ, உங்கள் வீட்டிலும் மலாயாவுக்குப் போய்க் கடிதம் நின்றுபோன ஒருவர் இருக்கலாம். அல்லது மலாயாவில் கிராணியாய் இருந்து, திரும்பி வந்து, அந்த மூன்றரை வருடத்தைப் பற்றி மட்டும் வாய் திறக்காத ஒருவர் இருந்திருக்கலாம். வீட்டில் மூத்தவர் இருக்கும்போதே கேளுங்கள். பெயர், அப்பா பெயர், ஊர், தோட்டம், கடைசிக் கடிதம் வந்த வருடம். முடிவு தெரியாவிட்டால் தெரியாது என்றே எழுதுங்கள். யுத்தக் கைதிகளின் பெயர்களும் முதலில் ஒரு கொப்பியில்தான் இருந்தன.